எழுத்து தெரிகிறது, படிக்க வரவில்லை: ஐந்து வயதுக் குழந்தைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மகளுக்கு ஐந்தரை வயது. உயிரெழுத்துகளையும் உயிர்மெய் வரிசைகளையும் தடையில்லாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறீர்கள், அது பெரும்பாலும் அழுகையில் முடிகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்கிறீர்கள். பகலில் உடனிருக்கும் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம், எத்தனை நாளில் தானாகப் படிப்பாள் என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தின் பெயரைவிட, எழுத்து தெரிந்த குழந்தைக்கு ஏன் படிக்க வரவில்லை என்பதும், அதைச் சரிசெய்வதில் வீட்டின் வேலை எவ்வளவு என்பதும்தான் உங்களுக்குத் தேவை என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்தும், இத்துறையில் படித்தவற்றிலிருந்தும் சொல்கிறேன். நான் மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ அல்ல. குழந்தையை நேரில் பார்க்காமல் அவளுக்கு இன்ன குறை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நீங்கள் விவரித்த அளவில், இது அந்த வயதில் மிகப் பரவலாகக் காணப்படும் நிலைதான்.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 'ம', 'ட', 'கா', 'தி' போன்ற ஏழெட்டு எழுத்துகளைத் தனித்தனித் தாளில் எழுதி, கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வரிசையாகச் சொல்லும்போது தடையின்றி வந்த எழுத்து, தனியே வரும்போது தடுமாறினால் அவள் மனத்தில் இருப்பது ராகத்தோடு கூடிய ஒரு பாட்டு என்று பொருள். சில குழந்தைகள் 'தி'யைக் கண்டதும் உதட்டுக்குள் 'த, தா' என்று ஓடி வந்து பிறகு 'தி' என்று நிற்பார்கள். இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் சொல்லைப் படிக்கும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படி ஓடி வர நேரம் இருக்காது. அதனால், தெரிந்த எழுத்துகள் எவை என்பதை வரிசைக்கு வெளியே வைத்துத்தான் கணக்கிட வேண்டும். உங்கள் மகளுக்கு அப்படி இருபது எழுத்துகள் உறுதியாகத் தெரிந்தாலே படிக்கத் தொடங்கிவிடலாம். 247 என்ற எண் பெற்றோரை மிரட்டுகிறது; 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று கணக்கு சரிதான். ஆயினும் குழந்தைகளின் கதைப் புத்தகம் ஒன்றில் 'ஙௌ' எங்கே வரப்போகிறது? அதை ஒப்பிக்கச் செலவிடும் மூச்சை வேறெதற்காவது செலவிடலாம்.

அடுத்தது, தமிழில் மட்டும் நான் மீண்டும் மீண்டும் பார்த்த ஒரு முட்டுக்கட்டை. மெய்யெழுத்துகளை நாம் 'இக், இங், இச்' என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறோம். தனியாக ஒலிக்க முடியாத எழுத்தைச் சொல்ல அது ஓர் ஊன்றுகோல். குழந்தையோ அந்த ஊன்றுகோலையும் எழுத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. 'பட்டம்' என்பதைக் காட்டினால் 'ப, இட், ட, இம்' என்று நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டு, அதன் பின் என்ன செய்வது என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும். 'சேர்த்துச் சொல்' என்று நாம் அதட்டுகிறோம். 'பஇட்டஇம்' என்று அது எப்படிச் சேர்க்கும்? புள்ளி வைத்த எழுத்தைத் தனியே படிக்க விடாமல், அதற்கு முந்திய எழுத்தோடு ஒட்டவைத்துப் படிக்கச் செய்யுங்கள்: 'பட்', 'டம்'. உங்கள் விரலால் 'ப'வையும் 'ட்'டையும் சேர்த்து மூடி, ஒரே மூச்சில் 'பட்' என்று சொல்லிக் காட்டுங்கள். பிறகு அடுத்த இரண்டை மூடுங்கள். 'புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும்' என்று என் வகுப்பில் சொல்வேன். பல குழந்தைகளுக்கு இந்த ஒரு மாற்றமே பூட்டைத் திறந்திருக்கிறது. எல்லோருக்கும் அல்ல.

இதற்குச் செவியைத் தயார்செய்யும் விளையாட்டு ஒன்று உண்டு. தாளும் பென்சிலும் வேண்டாம், பாட்டியே நடத்தலாம். ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லி, வாய் அசையும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை கைதட்டுவதுதான் அது. 'பட்டாம்பூச்சி' என்றால் 'பட், டாம், பூச், சி' என்று நான்கு தட்டு. எழுத்தாக எண்ணினால் அதே சொல்லில் ஏழு இருக்கும். காது நான்காகக் கேட்பதை எழுத்து ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த ஏழை மறுபடியும் நான்காக்குவதுதான் எழுத்துக்கூட்டல். (யாப்பிலக்கணம் பயின்றவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அங்கே 'பழம்' ஒரே நிரையசை. இங்கே இரண்டு தட்டு. நான் சொல்வது வெறும் வாயசைவுக் கணக்கு.) இதில் தேர்ந்தபின் 'மா' என்று தொடங்கும் சொற்கள், 'ட்டு' என்று முடியும் சொற்கள் என்று தேடலாம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்கும் சங்கிலி விளையாட்டும் நல்லது. 'மரம்' என்று முடிந்தால் 'ம'வில் தொடங்கலாம் என்று விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள், இல்லையேல் இரண்டாவது சொல்லிலேயே ஆட்டம் நின்றுவிடும். நடக்கும்போதும், வண்டிக்குக் காத்திருக்கும்போதும், தலை வாரும்போதும் இவை நடக்கும். எழுத்துக்கு முன் ஒலியைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் படிக்கத் தொடங்குவதற்கு உதவுகிறது என்பது இத்துறையில் உறுதியாக நிறுவப்பட்டவற்றுள் ஒன்று.

எழுத்துப் பயிற்சிக்கு வருவோம். ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். ப, ட, ம, அ ஆகிய நான்கு எழுத்துகளும், புள்ளியும், காலும் மட்டும் இருந்தால் போதும். அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பாடம், பட்டம், மாடம் என்று எட்டுச் சொற்கள் கைக்கு வந்துவிடும். எழுத்துகளைச் சிறு அட்டைகளில் எழுதி, குழந்தையே நகர்த்திச் சொல் கட்டட்டும். 'படம்' கட்டியதும் 'ப'வுக்குப் பக்கத்தில் ஒரு காலை நுழைத்து 'பாடம்' ஆக்கிக் காட்டினால் அவளுக்கு அது மாயவித்தை. இந்த வேடிக்கை வற்றிய பிறகு 'ர'வையும் 'க'வையும் சேருங்கள். இடையில் ஓர் எச்சரிக்கை: துணைக்காலும் 'ர'வும் குழந்தையின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அச்சில் தெளிவாக வேறுபட்டுத் தெரியும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். கெ, கே, கை ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, வாயோ 'க்'கில் தொடங்குகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இரு பக்கமும் அணைத்து நிற்கிறது. கு, சு, து, பு, று என்று உகரத்துக்கோ ஒரே வடிவம் இல்லை. இவை கடைசியில் வரட்டும், தாமதமாகவே வரும்.

எவ்வளவு தாமதம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. கன்னடம் படிக்கும் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய உயிர்மெய் எழுத்து முறையில் எழுத்துகள் முழுவதும் வசப்படுவது மூன்றாம், நான்காம் வகுப்பு வரையிலும் நீள்கிறது என்று காட்டியது. தமிழில் எழுத்துகள் கன்னடத்தைவிடக் குறைவு. கூட்டெழுத்துகளும் ஏறக்குறைய இல்லை. ஆகவே சற்று விரைவாக வரலாம் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. ஐந்தரை வயதில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இதுவரை சொன்னது பாதி. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய சூத்திரம் சொன்னார்கள்: படித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விடை. கூட்டல் அல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. முதல் திறனைப் பள்ளி எப்படியும் கொடுக்க முயலும். இரண்டாவது பெரும்பாலும் வீட்டில்தான் வளர்கிறது, அதுவும் பேச்சின் வழியாக. ஸெனஷால், லெஃபெவர் இருவரும் கனடாவில் குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே அமைந்தது: பெற்றோர் எழுத்தைக் கற்பித்த வீடுகளில் தொடக்க எழுத்தறிவு உயர்ந்தது, கதை படித்துக் காட்டிய வீடுகளில் சொல்வளமும் கேட்டுப் புரிதலும் உயர்ந்தன, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யவில்லை. அவர்கள் கண்டது ஆங்கிலம் பயின்ற, ஓரளவு வசதியான குடும்பங்களின் குழந்தைகளை. அப்படியே தமிழுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் என் வகுப்பறையில் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. இரண்டாம் வகுப்பில் தடங்கலின்றி வாய்விட்டுப் படித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளைகள் எனக்கு ஆண்டுதோறும் இருந்தார்கள்.

தமிழில் சொல்லறிவு எழுத்தை ஒலிப்பதற்கே கூட வேண்டியிருக்கிறது. 'பம்பரம்' என்பதில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே வடிவம், ஆனால் ஒரே ஒலி அல்ல. 'காகம்' அப்படியே. குழந்தை முதலில் வல்லொலியாகவே படித்துப் பார்க்கும். தான் காதால் அறிந்த சொல் என்றால், 'ஓ, பம்பரம்!' என்று தானே திருத்திக்கொள்ளும். அறியாத சொல் என்றால் திருத்த எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய இடைவெளி, பேச்சுக்கும் அச்சுக்கும் இடையில் இருக்கிறது. வீட்டில் 'மழை வந்துடுச்சு' என்று கேட்டு வளர்ந்த குழந்தை, புத்தகத்தில் 'மழை வந்துவிட்டது' என்பதைச் சந்திக்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டி முடித்தபின்னும் அது தனக்குத் தெரிந்த சொல் என்று அதற்குப் படுவதில்லை. எழுத்துத் தமிழைக் காதால் கேட்டுப் பழகாத குழந்தை, படிக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. இந்தச் சுமையைக் குறைக்க எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, பெரியவர்கள் நாள்தோறும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதுதான். பல பெற்றோர் கதையைக் கண்ணால் பார்த்து, பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். குழந்தைக்கு எளிதாகப் புரியட்டும் என்ற நல்லெண்ணம் அது. நான் வேறு மாதிரி பரிந்துரைப்பேன். அச்சில் உள்ளபடியே ஒரு பக்கத்தைப் படியுங்கள். பிறகு அதைப் பற்றி உங்கள் வீட்டுப் பேச்சில் பேசுங்கள். இரண்டும் வேண்டும். முதல் வாரம் குழந்தை நெளியும். அதே கதையை நான்காம் முறை கேட்கும்போது 'வந்துவிட்டது' என்பதை அதுவே முந்திக்கொண்டு சொல்லும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது பெரியவர்களுக்குத்தான் தண்டனை.

படித்துக் காட்டும்போது நீங்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். 1988இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் பெற்றோருக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தார்கள்: கதையை நிறுத்திக் கேள்வி கேட்பது, 'ஆம், இல்லை' என்பதற்கு மேல் பதில் வரும்படி கேட்பது, குழந்தை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்வது. ஒரு மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத் திறன், வழக்கம்போல் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளுடையதைவிட முன்னேறியிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இம்முறையின் பலன் குறைவாகவே இருக்கிறது என்று பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஆகவே உங்கள் மகளிடம் கேள்வியைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். 'இது என்ன?' என்பதைத் தாண்டி, 'அவன் ஏன் கதவைத் திறக்கவில்லை?', 'நீயாக இருந்தால்?' என்று கேளுங்கள். பக்கத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம், கதை பரீட்சையாகிவிடும். கண்ணசைவைப் பதிவு செய்த ஆய்வுகளின்படி, படித்துக் காட்டும்போது குழந்தைகளின் பார்வை பெரும்பாலும் படத்திலேயே இருக்கிறது, எழுத்தின் பக்கம் அரிதாகவே வருகிறது. எப்போதாவது வரியின் கீழே விரலை ஓட்டுவதும், அவளுக்குத் தெரிந்த ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுவதும் அதற்காகத்தான்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதைக் குறைபோல எழுதியிருந்தீர்கள். மேலே சொன்னவற்றில் பாதிக்கு எழுத்தே தேவையில்லை. அவர் சொல்லும் கதை, விடுகதை, ஊர்க்காரர்களைப் பற்றிய பழங்கதை எல்லாம் அந்தப் பெருக்கலின் இரண்டாம் எண்ணை வளர்க்கின்றன. சொற்களே இல்லாத படப்புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தால், பாட்டியும் பேத்தியும் மாறி மாறிக் கதை கட்டலாம். அந்திப்பொழுதில் மகள் தான் கட்டிய சொற்களைப் பாட்டிக்குக் 'கற்பிக்கட்டும்'. என் மாணவி ஒருத்தி இப்படித்தான் தன் பாட்டிக்குப் பெயரெழுதச் சொல்லிக் கொடுத்தாள்; அதற்காக அவள் தானாகக் கேட்டுக் கற்றுக்கொண்ட எழுத்துகள், நான் கற்பித்தவற்றைவிட அதிகம்.

எழுதுவதையும் இதே போக்கில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உள்ளோர் பெயர்களை எழுதிக் கதவில் ஒட்டுவது, வாங்க வேண்டிய பொருள்களை அவளும் தன் பட்டியலில் எழுதுவது, அலுவலகம் போகும் அப்பாவின் பைக்குள் ஒரு சீட்டு வைப்பது போன்றவை போதும். 'வீடு' என்பதை 'விடு' என்று எழுதினால் அவள் ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று பொருள். சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ஏழு வயது வரை எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவதும் அசாதாரணம் அல்ல.

புத்தகம் மனப்பாடமாகிவிட்டதே, உண்மையில் படிக்கவில்லையே என்று பின்னால் கவலைப்படுவீர்கள். ஒரு சிறுவனின் பெற்றோர் இதை முறைப்பாடாகவே என்னிடம் கொண்டுவந்தார்கள். சொல்லுக்குச் சொல் விரலை வைத்து 'படிக்க'ச் சொன்னேன். மூன்றாம் வரியில் விரல் சொல்லை முந்திவிட்டது. நின்றான், பின்னால் போனான், சொல்லைப் பார்த்தான். அந்த நிற்றல்தான் படிப்பின் தொடக்கம். அவனைத் தடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற செய்தியை எங்காவது படித்திருப்பீர்கள். அது 1995இல் ஹார்ட், ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களைப் பார்த்துக் கணக்கிட்டுச் சொன்னது. 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்து எழுதினார்கள், விவாதம் முடியவில்லை. சொற்களை எண்ணிக் கவலைப்படாதீர்கள். குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்லி, அது மறுபடி பேச இடம் விடுவதுதான் முக்கியம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். கைப்பேசிச் செயலிகளில் எழுத்து அடையாளம் காண உதவுபவை உண்டு; மடியில் உட்கார்ந்து பேசும் பேச்சுக்கு அவை ஈடாவதை நான் பார்த்ததில்லை. தினமும் வீட்டுக்குச் சொற்பட்டியல் கொடுத்தனுப்பும் பழக்கம் எனக்கும் முதல் சில ஆண்டுகளில் இருந்தது. பட்டியல் கனத்த வீடுகளில் புத்தகத்தைக் கண்டாலே குழந்தை முகம் திருப்பியது, பிறகு நிறுத்திவிட்டேன்.

பயிற்சிப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு கதைப் புத்தகங்களும் வெட்டிய அட்டைகளும் போதும். மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு, அவளுக்கு உறுதியாகத் தெரிந்த எழுத்துகளை மட்டும் கொண்டு, இதுவரை காட்டாத நான்கு சொற்களை எழுதிக் காட்டுங்கள். ஒன்றிரண்டையாவது தட்டுத்தடுமாறிக் கூட்டினால் இதே வழியில் தொடருங்கள். ஒன்றுகூட வரவில்லை, கைதட்டும் விளையாட்டும் பிடிபடவில்லை, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று மறந்துபோகிறது, பேச்சு தாமதமாக வந்தது, உங்கள் இருவரில் ஒருவருக்கோ நெருங்கிய உறவிலோ படிப்பதில் நீண்டகாலச் சிரமம் இருந்தது என்றால், ஆறரை வயது வரை காத்திருக்காமல் முதலில் காதையும் கண்ணையும் சோதித்துவிட்டு, வகுப்பாசிரியரிடமும் கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற ஒருவரிடமும் காட்டுங்கள். போகும்போது அந்த நான்கு சொற்களை அவள் எப்படிப் படித்தாள் என்பதை அவள் வாயில் வந்தபடியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு அது மதிப்பெண் பட்டியலைவிடப் பயன்படும்.